கல்வியின் பிற்பாதி

பவணந்தி முனிவர் தம் நன்னூலின் பொதுப்பாயிரத்திலே, மாணாக்கனுடைய கல்வி எவ்வாறு நிரம்புகிறது என்பதை ஒரு கணக்காகவே எடுத்துக் கூறியுள்ளார். ஆசிரியர் சொல்லியதைச் சிறிதும் வழுவாமல் உள்ளத்தில் அமைத்துக் கொண்டாலும் ஒருவனுக்கு வாய்ப்பது காற்பங்கு அறிவே. தன்னோடு ஒத்த மாணாக்கருடன் கூடிப் பயிலும்போது இன்னொரு காற்பங்கு வந்து சேரும். எஞ்சிய அரைப்பங்கோ, கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதுதான் கைகூடும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே எழுந்த நூல் அது. இக்கணக்கை இக்காலப் பாடசாலையின் நேரசூசியோடு ஒப்பிட்டு நோக்கினால், நம் பிள்ளைகளின் பொழுது பெரும்பாலும் முதற் காற்பங்கிலேயே கழிந்துவிடுகிறது என்பது புலனாகும். ஆசிரியர் சொல்வார், மாணவர் எழுதிக்கொள்வர், பரீட்சை வரும், போகும். கல்வியின் பிற்பாதி அப்படியே தொடப்படாமற் கிடக்கும்.

அப்பிற்பாதியை மீட்டெடுக்கும் முயற்சிகளுள் ஒன்றே பல்கலைக்கழக மாணவர் குழுக்களுக்கு இடையே நிகழும் உரைப் போட்டிகள். ஒரு பொருளை ஆராய்ந்து, குழுவாக மேடையேறி, நடுவர் முன் விளக்கி, அவர்கள் தொடுக்கும் வினாக்களுக்கு விடை கூறுவதே இவற்றின் பொது இலக்கணம். இத்தகைய போட்டியொன்றில் ஈடுபடும் குழு எதனைக் கற்கிறது, எங்கே இடறுகிறது, அதிலிருந்து நம் பாடசாலைகள் கொள்ளத்தக்க பாடம் யாது என்பவை சிந்திக்கத்தக்கன.

இது மேனாட்டாரிடமிருந்து வந்த புதுப்பண்டம் என்று எண்ண வேண்டுவதில்லை. தமிழிலே ஒரு நூல் எழுதப்பட்டுவிட்டால் அது நூலாகிவிடாது, அரங்கேற வேண்டும். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்திலே, அதங்கோட்டாசான் கேட்க, குற்றமற எடுத்துரைக்கப்பட்டது என்று அதன் சிறப்புப்பாயிரம் சொல்கிறது. அதங்கோட்டாசான் வேண்டுமென்றே குற்றங்களைக் கிளப்ப, தொல்காப்பியர் அவற்றிற்கெல்லாம் விடை கூறினார் என்பது உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கூறும் வரலாறு. அரங்கேற்றம் என்பது பாராட்டு விழாவாக மட்டும் இருந்ததில்லை. அது தடைகளும் விடைகளும் நிகழும் ஆய்வு மன்றமாகவும் இருந்தது. திருவள்ளுவரும் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம், அவையறிதலுக்கு ஓர் அதிகாரம், அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரம் என மூன்று அதிகாரங்களை இத்துறைக்கு ஒதுக்கினார். சொல்லத் தெரிதல் வேறு, கேட்போரை அறிதல் வேறு, அஞ்சாது நிற்றல் வேறு என அவர் பகுத்துக் கொண்டமை கவனிக்கத்தக்கது. 1980-இல் யாழ்ப்பாணத்திலே தோன்றிய கம்பன் கழகம் போன்ற அமைப்புக்கள் நடத்திவரும் பட்டிமன்றங்களையும் வழக்காடு மன்றங்களையும் கேட்டுப் பழகியவர்களுக்கு இதன் சுவையை விளக்க வேண்டுவதில்லை.

உலகெங்கும் இன்று பரவியிருக்கும் குழுப் போட்டிகளுள் மிக உறுதியான கட்டமைப்பு உடையது, சட்ட மாணவருக்கான ஜெசப் சர்வதேச வழக்காடற் போட்டியாகும். 1960-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்திலே இது மிகச் சிறிய அளவில் ஆரம்பமாயிற்று. ஒருபுறம் இரண்டு அமெரிக்க மாணவர். மறுபுறம் அங்கே உயர்கல்வி பயின்றுகொண்டிருந்த கனடிய மாணவர் ஒருவரும் நியூசிலாந்து மாணவர் ஒருவரும். கியூபாவிலே அதற்கு முந்திய ஆண்டு கொண்டுவரப்பட்ட காணிச் சீர்திருத்தமே வாதப் பொருள். பிற நாட்டாருக்கு உரிய காணியை ஓர் அரசு தன்னுடைமையாக்கினால் இழப்பீடு கொடுத்தல் கடனா, எவ்வளவு, எப்போது என்பன அக்காலத்தில் பத்திரிகைகளில் அனல்பறந்த வினாக்கள். அவ்வழக்கை எழுதிக் கொடுத்தவர் ஸ்ரீபன் ஷ்வேபல் என்ற இளம் ஆசிரியர். பிற்காலத்தில் அவரே சர்வதேச நீதிமன்றத்தின் நீதிபதியாகி, 1997 தொடக்கம் 2000 வரை அதன் தலைவராகவும் வீற்றிருந்தார். அக்காலத்தில் உபதலைவராக அமர்ந்திருந்தவர் இலங்கையின் புகழ்பெற்ற நீதியரசர் சி. ஜி. வீரமந்திரி என்பதை நம் நாட்டார் பெருமையோடு நினைவுகூரலாம். நால்வரோடு தொடங்கிய அப்போட்டியில் இன்று ஏறத்தாழ நூறு நாடுகளின் சட்டக் கல்விக்கூடங்கள் பங்குபற்றுகின்றன.

அப்போட்டியின் நடைமுறையைச் சிறிது விரிவாக அறிதல் நலம். ஏனெனில் அதன் விதிகள் ஒவ்வொன்றிலும் ஒரு கல்விக் கொள்கை அடங்கியிருக்கிறது. கற்பனை நாடுகள் இரண்டிற்கு இடையே எழுந்த பிணக்கு ஒன்றை நடத்துவோர் எழுதி வெளியிடுவர். ஒரு குழுவில் இருவர் முதல் ஐவர் வரை இருக்கலாம். குழுவினர் வாதி நாட்டிற்காக ஒரு வாதவுரையும், எதிர்வாதி நாட்டிற்காக இன்னொரு வாதவுரையும் எழுதி முன்னதாகவே அனுப்ப வேண்டும். அதன்பின்னரே வாய்மொழி வாதம். ஒரு தரப்பின் சார்பில் இருவர் எழுந்து பேசுவர். தரப்பொன்றிற்கு 45 நிமிடம். தாம் எந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தோம் என்பதை நடுவர் அறியச் சொல்லலாகாது. குழுவுக்கு ஓர் எண் மட்டுமே உண்டு.

இவற்றுள் முதலாவதாக நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது, உழைப்பு மாணவருடையதாகவே இருத்தல் வேண்டும் என்ற விதி. ஆராய்ச்சி, எழுத்து, வாதத்தின் அமைப்பு யாவும் குழுவினராலேயே செய்யப்படல் வேண்டும். ஆசிரியர் பொதுவாக வழிகாட்டலாம். கட்டுரையை எழுதிக் கொடுத்தல் ஆகாது. நம் பாடசாலைப் பேச்சுப் போட்டிகளில் நிகழ்வதை இதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். ஆசிரியரோ பெற்றோரோ அடுக்குமொழியில் எழுதிய உரையை, குழந்தை எழுத்துப் பிசகாமல் மனனஞ் செய்து, குறித்த இடத்திற் கையை உயர்த்தி, குறித்த இடத்திற் குரலைத் தாழ்த்தி ஒப்புவித்துப் பரிசு பெற்று வருகிறது. குரற்பயிற்சிக்கும் உச்சரிப்புக்கும் அது உதவலாம். ஆயின் நடுவர் எழுந்து, “நீ கூறிய இக்கருத்திற்கு ஆதாரம் யாது?” என்று ஒரேயொரு வினாவை எழுப்புவாராயின் அந்தக் கோபுரம் சரிந்துவிடும். பிறர் எழுதியதை ஒப்புவித்தல் நன்னூலார் கூறிய அரைப்பங்கிற் சேராது. அது முதற் காற்பங்கின் இன்னோர் உருவமே.

இரண்டாவது, இரு தரப்பிற்காகவும் வாதிடல். இன்று காலையில் வாதியின் பக்கம் நின்ற மாணவர் மாலையில் எதிர்வாதியின் பக்கம் நிற்க நேரும். காலையிலே தாமே கட்டிய அரணைத் தாமே தகர்க்க வேண்டியிருக்கும். இது மனச்சான்றுக்கு மாறான வித்தையன்றோ என்று சிலர் ஐயுறுவர். ஆனால் எதிர்த்தரப்பின் வலிமையை அளந்தறிந்தவனுக்கே தன் தரப்பின் மெலிவு தெரியும். நம் சிவஞான சித்தியார் தன் கொள்கையை நிறுவுமுன் பிறர் மதங்களையெல்லாம் பரபக்கத்திலே வரிசையாக எடுத்துரைத்து மறுப்பதும் இம்முறையே. பிறர் கொள்கையைச் சரியாக எடுத்துச் சொல்லத் தெரியாதவன் அதனை மறுக்கவும் தகுதியற்றவன். பல இனத்தாரும் பல சமயத்தாரும் கூடி வாழும் ஒரு நாட்டில் இப்பயிற்சியின் பயன் போட்டி மேடையோடு நின்றுவிடுவதன்று.

மூன்றாவது பாடமே அனைத்திலும் கடினமானது: வினாவை எதிர்கொள்ளல். ஜெசப் போட்டியில் நடுவர் உரை முடியும் வரை பொறுத்திருப்பதில்லை. மாணவர் இரண்டாம் வாக்கியத்தைத் தொடங்கும்போதே இடைமறித்துக் கேட்பார். முதன்முறை பங்குபற்றும் குழுக்கள் வினாவைத் தம் ஓட்டத்தைக் கெடுக்கும் இடையூறாகக் கருதி, “அதனைப் பின்னர் விளக்குவேன்” என்று கூறித் தாம் எழுதி வந்ததைத் தொடர முயலும். அங்கேதான் பெரும்பாலான தோல்விகள் நிகழ்கின்றன. வினா என்பது கேட்பவர் தம் உள்ளத்தின் கதவைத் திறந்து காட்டும் செயல். எங்கே அவருக்கு ஐயம், எந்தப் படியில் அவர் நின்றுவிட்டார் என்பதை அவரே சொல்லிவிடுகிறார். அக்கதவு வழியே நுழைவதை விட்டு, மூடிய வேறொரு கதவைத் தட்டிக்கொண்டு நிற்பது அறிவுடைமையாகாது. தேர்ந்த குழுக்கள் தம் பயிற்சி நாட்களிற் பெரும்பகுதியை உரையை மெருகிடுவதிற் செலவிடாமல், ஒருவரை ஒருவர் வினாவால் மடக்குவதிற் செலவிடும். இது நன்னூலார் கூறிய இரண்டாம் காற்பங்கு. விடை தெரியாதபோது, தெரியாது என்று பணிவோடு ஒப்புக்கொண்டு, தெரிந்ததன் எல்லையைத் தெளிவாகச் சொல்லுதலும் இப்பயிற்சியிற் சேர்ந்ததே. மழுப்பலைத் தேர்ந்த நடுவர் ஒரு கணத்திற் கண்டுகொள்வர்.

நான்காவது, குழு என்பதன் பொருள். ஐந்து பேர் ஒரு பொருளை ஐந்து துண்டுகளாக வெட்டி ஆளுக்கொரு துண்டை ஏந்தி மேடைக்கு வந்தால் அது குழுவாகாது. இரண்டாமவர் பேசுவது முதலாமவர் பேசியதோடு முரண்படும். மூன்றாமவர் இருவரும் சொன்னதையே மீண்டும் சொல்வார். வினா எழுந்தவுடன் ஐவரும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்குவர். இதற்கு மறுதலையான பிழையும் உண்டு. நாவன்மையுள்ள ஒருவரிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு மற்றவர்கள் பதுமைகளாக நிற்றல். செம்மையான குழுவிலே பேசுவோர் இருவராயினும் அறிந்தோர் ஐவர். ஒவ்வொருவரும் மற்றவருடைய பகுதிக்கும் விடை கூறவல்லவராய் இருப்பர். நூலகத்திலிருந்து சான்று தேடித் தந்தவர் மேடையேறாவிட்டாலும் வெற்றியில் அவர் பங்கு குறைவதில்லை. கூத்திலே முன்னணியில் ஆடுவோரும் மத்தளம் கொட்டுவோரும் பக்கப்பாட்டுப் பாடுவோரும் ஒருங்கிசைந்தாலன்றி ஆட்டம் களைகட்டாது என்பதை நம் கிராமத்தார் நன்கறிவர்.

பெயர் மறைக்கும் விதியின் நன்மைக்கு நம் அயல்நாடு நல்ல சான்று. பெங்களூரிலே இந்தியாவின் தேசியச் சட்டக் கல்லூரிப் பல்கலைக்கழகம் 1987-இல் நிறுவப்பட்டது. அதன் குழு 1999-இல் ஜெசப் போட்டியின் உலக வெற்றியை ஈட்டியது. 2013-இல் மீண்டும் ஈட்டியது. நூற்றாண்டுகள் பழமை வாய்ந்த கலாசாலைகளின் குழுக்களோடு, தோன்றிப் பன்னிரண்டே ஆண்டுகளான ஒரு கல்விக்கூடத்தின் மாணவர் நின்று வென்றனர். நடுவர் கண்முன் இருந்தவை ஓர் எண்ணும் ஒரு வாதமும் மட்டுமே. கட்டடமும் புகழும் இல்லாத சிற்றூர்ப் பாடசாலைகளுக்கு இது ஊக்கந்தரும் செய்தியாகும்.

ஐந்தாவது பாடம் காலத்தைப் பற்றியது. 2008-ஆம் ஆண்டிலே அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் ஒரு புதிய போட்டியைத் தொடங்கியது. கலாநிதிப் பட்டத்திற்காகப் பல ஆண்டுகள் ஆராய்ச்சி செய்யும் மாணவர் தம் ஆராய்ச்சி முழுவதையும் மூன்றே நிமிடத்தில், அத்துறையை அறியாதோர்க்கு விளங்கச் சொல்ல வேண்டும். அக்காலத்தில் அம்மாநிலத்திலே கடும் வரட்சி. நீரைச் சிக்கனப்படுத்த மக்கள் குளியலறைச் சுவரில் மூன்று நிமிட மணற்கடிகாரத்தைப் பொருத்தியிருந்தனர். அதனைக் கண்ட பட்டமேற்கல்விப் பீடாதிபதி அலன் லோசன் அவர்களுக்கு இவ்வெண்ணம் உதித்ததாம். அசையாத ஒரு படத்தை மட்டுமே திரையிற் காட்டலாம். வேறு பொருள் எதனையும் கொண்டுவரலாகாது. பாட்டும் கவிதையும் ஆகா. மூன்று நிமிடத்தைத் தாண்டியவர் போட்டியிலிருந்து நீக்கப்படுவார். முதலாண்டிலே 160 பேர் கலந்துகொண்ட இப்போட்டி இன்று பல நூறு பல்கலைக்கழகங்களுக்குப் பரவியுள்ளது.

மூன்று நிமிடத்திற் சொல்ல வேண்டுமாயின் எதைச் சொல்வது என்பதைவிட எதை விடுவது என்பதே பெரிய வினாவாகும். தான் பட்ட பாட்டையெல்லாம் சொல்ல விழைவது மனித இயல்பு. கேட்பவருக்கு வேண்டுவதோ அதன் பயன் மட்டுமே. மைக்கேல் பரடே என்ற பெருவிஞ்ஞானியின் வாழ்க்கை இங்கே நினைவுக்கு வருகிறது. புத்தகம் கட்டும் கடையிலே தொழில் பழகிய ஏழை இளைஞர் அவர். இலண்டனிலே தம்மைப்போன்ற இளைஞர் கூடிய ஒரு சங்கத்திற் சேர்ந்து, ஒருவருக்கு ஒருவர் விரிவுரை செய்து, ஒருவர் குறையை மற்றவர் எடுத்துக்காட்டித் தம் நாவைப் பழக்கினர். பின்னர் அறிஞர் போற்றும் விரிவுரையாளரான காலத்திலும், தாம் விரைந்து பேசத் தலைப்பட்டால் ‘மெதுவாக’ என்று எழுதிய அட்டையைத் தம் முன் வைக்கும்படி உதவியாளருக்குக் கட்டளையிட்டிருந்தார். நேரம் முடியுந் தறுவாயில் ‘நேரம்’ என்று எழுதிய இன்னோர் அட்டை வரும். 1848-இலும் மீண்டும் 1860-இலும் அவர் சிறுவருக்காக ஆற்றிய நத்தார்கால விரிவுரைகளின் பொருள் என்ன தெரியுமோ? ஒரு மெழுகுதிரி. எரியும் திரி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இரசாயனத்தின் பெரும்பகுதியை அவர் விளக்கிவிட்டார்.

பரடே இலண்டனிலே மெழுகுதிரியை ஏற்றி விளக்கிய அதே 1848-இல் யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே இன்னொரு விளக்கம் தொடங்கியது. இப்பொருளிலே நமக்கு மிக நெருங்கிய பாடத்தை அவ்வூரே தருகிறது. முன் ஆண்டிலே அமெரிக்காவிலிருந்து வந்திருந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் வைத்தியர் மானிப்பாயில் அமர்ந்து, நோயாளரைப் பார்ப்பதோடு உள்ளூர் இளைஞருக்கு மேனாட்டு வைத்தியத்தைக் கற்பிக்கவும் தலைப்பட்டார். கொழும்பிலே வைத்தியக் கல்லூரி தோன்றிய 1870-ஆம் ஆண்டிற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட முயற்சி இது. முதலில் ஆங்கிலத்திலேயே பாடம் நடந்தது. 1864 முதல் அவர் தமிழிலே கற்பிக்கத் தொடங்கினார்.

இம்மாற்றத்திற்கு அவர் கண்ட காரணம் ஆழ்ந்து நோக்கற்பாலது. ஆங்கிலத்தில் வைத்தியங் கற்றவர் அரசாங்க உத்தியோகத்தையும் வெளியூரையும் நாடிச் செல்வர். தமிழிற் கற்றவரோ தம்மூரிலேயே தங்கித் தம்மக்களுக்குத் தொண்டு செய்வர் என்பது அவர் எண்ணம். அறிவு எந்த மொழியிற் பேசப்படுகிறதோ அந்த மொழியினரிடமே தங்கும் என்ற உண்மையை ஓர் அமெரிக்கர் நம்மவருக்கு முன்னதாகவே கண்டுகொண்டார். இதற்காகத் தாமே தமிழைக் கற்றார். அவரும் அவருடைய மாணவர் சிலரும் கூடி, ஆயிரக்கணக்கான பக்கங்கள் கொண்ட வைத்திய நூல்களைத் தமிழாக்கினர். 1873-இல் உடல்நலங் குன்றித் தாய்நாடு திரும்பிய பின்னும், 1884-இல் மறையும் வரை, அங்கிருந்தவாறே அப்பணியை அவர் கைவிடவில்லை. அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியரை உருவாக்கிய அவர் பெயரை மானிப்பாயிலுள்ள கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இன்றும் தாங்கி நிற்கிறது.

மேடையேறும் எந்த மாணவர் குழுவுக்கும் வேண்டிய சொல்லாட்சி விதி கிறீனின் நூற்பெயர்களிலேயே அடங்கியிருக்கிறது. அறுவைச் சிகிச்சை பற்றி 1867-இல் வெளிவந்த நூலுக்கு ‘இரணவைத்தியம்’ என்று பெயர். இரணம் என்பதும் வைத்தியம் என்பதும் வீட்டுத் திண்ணையில் இருக்கும் மூதாட்டிக்கும் தெரிந்த சொற்கள். உடற்கூறு பற்றிய நூல் ‘அங்காதிபாதம்’. இது வடசொல்லைக் கொண்டு ஆக்கப்பட்ட கலைச்சொல். இரசாயனம் பற்றி 1875-இல் வெளிவந்தது ‘கெமிஸ்தம்’. இது ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஈறு கொடுத்து ஏற்றது. மக்கள் வழங்கும் சொல் இருந்தால் அதனை முதலிற் கொள்க; இல்லையாயின் ஆக்கிக் கொள்க; அதுவும் இயலாதபோது கடன் வாங்குக என்பதே அவர் கொண்ட ஒழுங்கு. இந்நாளில் மேடையேறும் மாணவர் பலர் இவ்வொழுங்கைத் தலைகீழாக்கி, முதலிலேயே கடனுக்குச் செல்கின்றனர். ‘இரணவைத்தியம்’ என்ற பெயர் இன்று வழக்கொழிந்திருக்கலாம். அதனை அமைத்த முறை வழக்கொழியத் தக்கதன்று.

இது வெறும் மொழிப்பற்றுப் பற்றிய பேச்சன்று. நம் பிள்ளைகள் பாடசாலையிலே தமிழிற் கற்கின்றனர். பல்கலைக்கழகத்திலே மருத்துவமும் பொறியியலும் விஞ்ஞானமும் ஆங்கிலத்திற் கற்கின்றனர். உலகப் போட்டிகளில் நிற்க ஆங்கிலம் இன்றியமையாததே. ஆனால் ஆங்கிலத்திற் கற்றதைத் தமிழில் எடுத்துச் சொல்லும் பயிற்சி இடையிலே அறுந்துவிடுமாயின், கற்றவருக்கும் ஊருக்கும் இடையே ஒரு மதில் எழும்பிவிடும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீரை எடுத்துக்கொள்வோம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இங்கில்லை. மானிப்பாய்ப் பக்கமாகச் செல்லும் வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடும். சுண்ணக்கற் பாறையினுள்ளே தேங்கி நிற்கும் நிலத்தடி நீரே குடிக்கவும் பயிர் செய்யவும் உதவுகிறது. தோட்டத்திற் கொட்டும் உரமும், கிணற்றுக்கு அண்மையில் வெட்டப்படும் மலசல கூடக் குழியும் அந்நீரிலே நைத்திரேற்று என்னும் உப்பை ஏற்றிவிடுகின்றன. உலக சுகாதார நிறுவனம் குடிநீர் லீற்றர் ஒன்றில் 50 மில்லிகிராமே இதற்கு எல்லை என வகுத்துள்ளது. ஒரு பல்கலைக்கழக மாணவர் குழு இதனை ஆராய்ந்து அழகிய அட்டவணைகளோடு மேடையேறி நடுவரின் பாராட்டைப் பெறலாம். ஆனால் கைக்குழந்தைக்குப் புட்டிப்பால் கரைக்கும் தாய்க்கு அட்டவணை எதற்கு? நீரைக் கொதிக்க வைத்தால் எல்லாத் தீங்கும் அகன்றுவிடும் என்று அவள் நம்பியிருக்கிறாள். கொதிப்பதனால் கிருமிதான் சாகும், இவ்வுப்புப் போகாது, நீர் வற்ற வற்ற உப்பின் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. கஞ்சி வற்றினால் உப்புக் கரிப்பதை அறிந்த தாய்க்கு இதனை ஒரு நிமிடத்தில் விளங்கவைக்கலாம். அவ்வொரு நிமிட விளக்கமே, மூன்றாண்டு ஆராய்ச்சியை ஒரு குழந்தையின் நலத்தோடு இணைப்பது.

சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்துள்ளது என்ற பேச்சு 2014, 2015 ஆம் ஆண்டுகளிற் பெரிதாக எழுந்தபோதும் இத்தேவை வெளிப்பட்டது. வீடுகளில் உள்ளவர்கள் கேட்டவை எளிய கேள்விகள்: இந்நீரைக் குடிக்கலாமா? குளிக்கலாமா? கன்றுகாலிக்குக் கொடுக்கலாமா? ஆய்வுகூடத்து எண்களைக் கிணற்றடியின் மொழியிற் சொல்லவல்லவர் ஊருக்கு ஊர் தேவைப்பட்டனர். அவ்விவகாரம் உயர்நீதிமன்றம் வரை சென்று 2019-இல் தீர்ப்பாயிற்று. நீதிமன்றிலே சான்றை ஒழுங்குபட முன்வைப்பதும், கிணற்றடியிலே அதனை எளிமைப்படுத்திச் சொல்வதும் ஒரே பயிற்சியின் இரு முகங்களே.

கற்றதைப் பலரறிய விளக்கும் மரபும் இம்மண்ணுக்குப் புதிதன்று. 1829-இல் வந்த சந்திர கிரகணத்தைப் பற்றி, அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கக் கணிப்பும் வட்டுக்கோட்டைச் செமினரியின் தலைவர் டானியல் பூவரின் கணிப்பும் வேறுபட்டன. வானத்தையே நடுவராகக் கொண்டு ஊரார் பார்த்தனர். 1847-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆந் திகதி வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணையின் சிவன் கோயிலிலே ஆறுமுக நாவலர் தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார். செய்யுளை இசையோடு படித்துப் பொருள் சொல்லும் புராணபடனத்தோடு, ஒரு பொருளை எடுத்து வசனத்தில் ஒழுங்காக விரித்துரைக்கும் மேடைப் பேச்சும் அவ்வாறு இங்கே நிலைபெற்றது. கிறீனும் நாவலரும் பிறந்த ஆண்டு ஒன்றே, 1822. சமயத்தால் எதிரெதிர் நின்ற இருவரும், அறிவு எளிய தமிழில் மக்களிடம் செல்லவேண்டும் என்பதில் ஒருமைப்பட்டிருந்தனர்.

ஆகவே, பாடசாலைகள் செய்யத்தக்கது யாது? பெருஞ்செலவான விழாக்கள் வேண்டுவதில்லை. மேல் வகுப்புக்களிலே கிழமைக்கு ஒரு பாடவேளையை ஒதுக்கினாற் போதும். நான்கு மாணவரைக் கொண்ட குழு ஒன்று, தாமே தேர்ந்த ஒரு பொருளைப் பத்து நிமிடம் விளக்கட்டும். உரையை ஆசிரியர் எழுதிக் கொடுத்தல் ஆகாது. அடுத்த பத்து நிமிடம் வகுப்பாருடைய வினாக்களுக்கு உரியது. வினாவுக்கு விடை கூறுபவர் யார் என்பதை ஆசிரியரே சுட்டட்டும். அப்போதுதான் நால்வரும் முழுப்பொருளையும் கற்று வருவர். நல்ல விடைக்குப் புள்ளி கொடுப்பது போலவே நல்ல வினாவுக்கும் புள்ளி கொடுக்க வேண்டும். தவணைக்கு ஒருமுறை ஒரே குழு ஒரு பொருளின் இரு பக்கங்களையும் வாதிக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அவ்வூரின் கமக்காரரையும் கைவினைஞரையும் தாய்மாரையும் அழைத்து, அவர்களையே நடுவராக இருத்தலாம். அவர்களுக்கு விளங்காத விளக்கம் எத்துணை அலங்காரமுடையதாயினும் புள்ளி பெறாது என்பதே விதியாக இருக்கட்டும்.

கூச்சமுள்ள பிள்ளைகள் இம்முறையில் ஒதுங்கிவிடுவர் என்ற அச்சம் நியாயமானதே. ஆயின் அவையச்சம் பெரும்பாலும் தெளிவின்மையின் மகவு. தன் கையாற் செய்த ஆராய்ச்சியை, தான் அறிந்த சொற்களில், மூன்று தோழர் பக்கத்தில் நிற்கச் சொல்லும் பிள்ளைக்கு நா குழறும் இடம் குறைவு. குழுப் போட்டி தனிப்பேச்சுப் போட்டியை விடக் கூச்சமுள்ளோர்க்கு ஏற்றதாவது இதனாலேயே.

போட்டியிலே ஒரு குழு வெல்லும், மற்றவை தோற்கும். பரிசுக் கிண்ணம் கண்ணாடிப் பெட்டியில் நின்று மங்கும். ஆனால் வினாவொன்றுக்கு விடை தெரியாது நின்ற மாணவர் அன்றிரவே நூலைத் திறந்து தேடும் அறிவு அவரை விட்டு நீங்காது. அந்தத் தேடலை வகுப்பறைகளிலே கிழமைதோறும் தூண்டிவிட முடியுமாயின், நன்னூலார் கணக்கில் நாம் செலுத்தாது வைத்திருக்கும் அரைப்பங்கு சிறிது சிறிதாகத் தீர்ந்துவரும்.